மரம் ஒண்ணு, குரல் வேற!

பட்டிமன்றத் தலைப்பு: உயர்ந்த ரகக் கிதாரின் இனிமைக்குப் பெரிதும் காரணம் மரமா? கைத்திறனா?
'கைத்திறனே' அணியின் இரண்டாவது பேச்சு

நடுவர் அவர்களே! மரத்துக்காக வாதாட வந்து, மரம் மாதிரியே அசையாமல் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணியின் சொல்லேர் உழவர்களே! அரங்கத்தில் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! சாப்பாட்டுத் தட்டைக் கையில் வச்சுக்கிட்டு வீட்டில் டி.வி. முன்னாலே உட்கார்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே! 

ஐயா, வழக்கமா 'மாமியாரா மருமகளா'ன்னு தலைப்புக் கொடுப்பாங்க. நமக்கும் வசதி. ஆதாரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இந்தத் தடவை கிதார்னு சொன்னதும் என் மனைவி கேட்டாங்க, "ஏங்க, உங்களுக்கும் கிதாருக்கும் என்னங்க சம்பந்தம்?" நான் சொன்னேன், "நம்ம பையன் ரெண்டு வருஷமா வாசிக்கிறான். நான் ரெண்டு வருஷமாத் தாங்கிக்கிட்டு இருக்கேன். இதை விட என்ன தகுதி வேணும்?" (சிரிப்பு)

எதிரணித் தலைவி அக்கா அருமையாப் பேசினாங்க. "ரோஸ்வுட் மரத்துக்கு ஆழமான நாதம், மகாகனி மரத்துக்குத் தெளிவான நாதம், மேப்பிள் மரத்துக்குப் பளிச்சுனு ஒரு நாதம். ஆகவே மரம்தான் கிதார்"னு முடிச்சாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. நானும் தட்டினேன். மரத்துக்கு மரம் குணம் உண்டுன்னு சொன்னது சரிதானே? மரமே வேண்டாம்னு சொல்ல நான் வரலை. கல் இல்லாம சிற்பம் இல்லை. ஆனா மகாபலிபுரம் போய்ட்டு வந்தவன் "அடடா, என்ன கல்லு!"ன்னா சொல்றான்?

நடுவர் அவர்களே, அக்கா மரத்தை மரத்தோட ஒப்பிட்டாங்க. நான் கிதாரைக் கிதாரோட ஒப்பிடப் போறேன். அமெரிக்காவிலே பேர் பெற்ற கம்பெனிகள்ல மூணை எடுத்துக்குவோம். மார்ட்டின், கிப்சன், டெய்லர்.

மார்ட்டின்ல டி-28ன்னு ஒரு மாடல். முன்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ். முதுகும் விலாவும் இந்திய ரோஸ்வுட். டெய்லர்ல 814ன்னு ஒரு மாடல். அதுக்கும் முன்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ்தான். முதுகும் விலாவும் இந்திய ரோஸ்வுட்தான். எதிரணி வாதப்படி ரெண்டும் ஒரே மாதிரி பாடணும். பாடுதா? மார்ட்டினைத் தட்டினா, கோயில் மணி அடிச்சு ஓய்ஞ்ச பிறகும் பிராகாரத்திலே ஒரு கார்வை நிக்குமே, அப்படிக் கீழ்க்கம்பி கிடந்து முழங்கும். கூட ஒருத்தர் பாடினா, அந்தக் குரலுக்குக் கீழே ஜமக்காளம் விரிச்ச மாதிரி இருக்கும். டெய்லரைத் தட்டினா வெள்ளித் தட்டிலே முத்துக் கொட்டின மாதிரி, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா உருண்டு வரும். கீழ்க்கம்பியும் மேல்கம்பியும் அண்ணன் தம்பி சமமாப் பாகம் பிரிச்ச மாதிரி இருக்கும். மரம் ஒண்ணு, குரல் வேற!

இன்னொரு ஜோடி பாருங்க. மார்ட்டின் டி-18. கிப்சன் ஜே-45. ரெண்டுக்கும் முன்பலகை ஸ்ப்ரூஸ், முதுகு மகாகனி. டி-18 வறண்ட, தெளிவான குரல். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு நிறுத்திக்கும், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. ஜே-45 அப்படி இல்லை. 'தொம்'முனு ஒரு அடி, கதகதப்பா ஒரு குரல், சட்டுனு அடங்கும். திண்ணையிலே சாய்ஞ்சு உட்கார்ந்து கதை சொல்ற தாத்தா மாதிரி. இங்கேயும் மரம் ஒண்ணு, குரல் வேற!

தாய்மார்களே, உங்களுக்கு இது புதுசா? ஒரே ரேஷன் கடை அரிசி, ஒரே உளுந்து. ஒரு வீட்டு இட்லி பஞ்சு. பக்கத்து வீட்டு இட்லியைத் தூக்கி எறிஞ்சா நாய் ஓடுது. (சிரிப்பு) அரிசி மேலேயா பழி போடுவீங்க? ஊற வச்ச நேரம், அரைச்ச பதம், கரைச்ச கை. அதுதானே?

கையிலே எடுத்தா இருக்கிற சுகமும் அப்படித்தான். டி-28ல ஒரு கம்பி அடிக்கிற நீளம் சுமார் 645 மில்லிமீட்டர். ஜே-45ல சுமார் 628. வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆனா ஒரே சுருதிக்கு ஒரே கனமுள்ள கம்பியை நீளமா இழுத்தா விறைப்பு அதிகம், குறுக்கிக் கட்டினா விறைப்பு குறைவு. அதனாலே கிப்சன் விரலுக்கு இளகிக் கொடுக்கும், மார்ட்டின் எதிர்த்து நிக்கும். டெய்லர் கழுத்தைப் பிடிச்சவங்க அது மெலிசா, வழவழன்னு இருக்குன்னு சொல்வாங்க. இந்த நீளத்தையும் தடிமனையும் எந்த மரம் தீர்மானிச்சது? காட்டிலே நின்ன மரத்துக்கு ஸ்கேல் தெரியுமா? அளவுகோலைக் கையிலே பிடிச்சவன் தீர்மானிச்சது!

கிதாருக்குள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்ப்போம். ஆறு இரும்புக் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை சுமார் 70, 80 கிலோ. ஒரு ஆள் தொங்குற கனம். அந்த இழுப்பைத் தாங்குற முன்பலகை எவ்வளவு தடிமன்? சுமார் 3 மில்லிமீட்டர்! தடிமனா விட்டா உடையாது, ஆனா வாய் திறக்காது. மெலிசாச் செதுக்கினா நல்லாப் பாடும், கொஞ்ச நாள்ல வயிறு உப்பிப் பிதுங்கிடும். இந்த ரெண்டுக்கும் நடுவிலேதான் கிதாரோட உயிர் இருக்கு. அதுக்குத்தான் பலகைக்கு அடியிலே குச்சி குச்சியாக் கட்டை ஒட்டி முட்டுக் கொடுக்கிறாங்க. மார்ட்டின் கம்பெனி 1840-கள்லேயே பெருக்கல் குறி மாதிரி குறுக்கு முட்டு வச்சது. நல்ல கைவினைஞர் என்ன செய்வார்? பலகையை விரலாலே தட்டுவார், காது கொடுப்பார், முட்டை ஒரு சீவு சீவுவார், திரும்பத் தட்டுவார். நம்ம அம்மா சந்தையிலே பானையைத் தட்டிப் பார்த்து வாங்குற மாதிரி. எங்கே நிறுத்தணும்னு மரம் சொல்லாது. கேக்கத் தெரிஞ்ச காதுக்குத்தான் தெரியும்.

ஆதாரம் கேட்பீங்க. தர்றேன். 1976-ல் மார்ட்டின் கம்பெனி எச்.டி-28ன்னு ஒரு மாடல் கொண்டு வந்தது. அப்போ டி-28-ம் கடையிலே இருக்கு. அதே ஸ்ப்ரூஸ், அதே இந்திய ரோஸ்வுட், அதே உடம்பு. ஓரத்திலே மீன்முள் மாதிரி ஒரு அலங்காரப் பட்டை கூடுதல். அது கண்ணுக்கு. காதுக்கு என்ன வித்தியாசம்? உள்ளே இருக்கிற முட்டுக் கட்டையைப் பள்ளம் பள்ளமாக் குடைஞ்சு எடைகுறைச்சாங்க. 1944 வரைக்கும் அப்படித்தான் குடைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கனமான கம்பி போட்டு வாசிக்கிறவங்க கூடினதாலே நிறுத்தி வச்சிருந்தாங்க. திரும்பக் குடைஞ்சதும் கீழ்க்கம்பி இன்னும் ஆழமா, இன்னும் திறந்து பாடிச்சு. எதிரணி நண்பர்களே, மாறினது மரமா? உளி போன தூரமா? (கைதட்டல்)

அடுத்து ஸ்பெயினுக்கு வாங்க. அல்மேரியா ஊர்க்காரர், அன்டோனியோ டி டோரஸ். 1817-ல் பிறந்தவர். தொழில் தச்சு வேலை. இன்னைக்கு உலகம் முழுக்க கிளாசிக்கல் கிதார்னு வாசிக்கிறாங்களே, அந்த வடிவத்தை நிலைநாட்டினவர் அவர்தான். அவர் காலத்திலேயும் நம்ம எதிரணி மாதிரி ஆட்கள் இருந்திருப்பாங்க போல. (சிரிப்பு) 1862-ல் என்ன செஞ்சார் தெரியுமா? முன்பலகையை மட்டும் ஸ்ப்ரூஸிலே செஞ்சு, விசிறி மாதிரி முட்டு வச்சு, முதுகையும் விலாவையும் காகித அட்டையிலே செஞ்சார்! ரோஸ்வுட் இல்லை, மகாகனி இல்லை. அட்டை! முன்பலகையிலே செய்ற வேலைதான் பிரதானம்னு நிரூபிக்கச் செஞ்சது. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்திலே அதைப் பத்திரமா வச்சிருக்காங்க.

உடனே எதிரணித் தம்பி எழுந்திருப்பார். "முன்பலகை மரம்தானே ஐயா?" உட்காருங்க தம்பி, அதுக்கும் பதில் இருக்கு. கலிபோர்னியாவிலே பாப் டெய்லர், 1974-ல் டெய்லர் கம்பெனியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1995-ல் அவர், குடோன்ல சாமான் அடுக்குற பழைய பலகைச் சட்டம் இருக்கே, ஆணி அடிச்சுத் தேய்ஞ்சுபோன கட்டை, அதைப் பிரிச்சு ஒரு கிதார் செஞ்சார். முதுகு ஓக். முன்பலகை என்ன மரம்னே தெரியாது! ஆணி அடிச்ச ஓட்டையைக்கூட மறைக்கலை. கழுத்திலே சாமான் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டியைச் சித்திரமாப் பதிச்சார். குசும்பு பாருங்க! (சிரிப்பு) அது நல்ல கிதாராவே பாடிச்சு. விறகாப் போக வேண்டிய கட்டைக்கு வித்துவான் அந்தஸ்து!

இது கம்பெனிக்காரர் விளம்பரம்னு சொல்லுவீங்க. சரி, விஞ்ஞானத்துக்கு வாங்க. 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை முடிவு வெளியிட்டாங்க. ரோஜர் பக்னல்னு அனுபவமுள்ள ஒரு கைவினைஞர் ஆறு கிதார் செஞ்சு கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே வேலைப்பாடு. முதுகும் விலாவும் மட்டும் ஆறு வேற வேற மரம். விலை உச்சத்திலே இருக்கிற பிரேசில் ரோஸ்வுட்டும் அதிலே இருந்தது, மலிவான மரமும் இருந்தது. 52 கிதார் கலைஞர்களைக் கூப்பிட்டு, வெளிச்சத்தைக் குறைச்சு, வெல்டிங் வைக்கிறவங்க போடுற கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "வாசிச்சு மார்க் போடுங்க"ன்னாங்க. மார்க்கிலே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை! பொண்ணு பார்க்கப் போறவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டா நகையைப் பத்தியா பேசுவான்? பேச்சைத்தானே கேப்பான்! அந்த மாதிரி.

ஒரு கைவினைஞரைச் சொன்னேன், ஒரு முதலாளியைச் சொன்னேன். இனி பேரே தெரியாத கைகளைச் சொல்றேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூன்னு ஒரு ஊர். கிப்சன் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இரண்டாம் உலகப் போர். ஆண்கள் எல்லாம் ராணுவத்துக்குப் போயாச்சு. நல்ல சரக்குக்கும் தட்டுப்பாடு. அந்த நேரத்திலே, 1942-ல்தான் நான் சொன்ன அந்த ஜே-45 பிறந்தது. யார் செஞ்சது? உள்ளூர்ப் பெண்கள்! சமைச்ச கை, தைச்ச கை, பிள்ளையைத் தாலாட்டின கை. அந்தக் கை கிதார் செஞ்சது. போர்க்காலத்திலே கிதாரே செய்யலைன்னுதான் ரொம்ப நாள் கம்பெனி தரப்பிலே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. தொழிற்சாலை முன்னாலே அந்தப் பெண்கள் கூட்டமா நின்னு எடுத்த ஒரு போட்டோ மிஞ்சியிருந்தது. அதைப் பிடிச்சுக்கிட்டுத் தேடிப் போய், மிச்சம் இருந்த பாட்டிகளைக் கண்டு பேசி, 2013-ல் ஒருத்தர் புத்தகமே போட்டார். அந்தக் காலத்துக் கிதார்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, உள் வேலை அவ்வளவு நயம்! இன்னைக்குச் சேகரிக்கிறவங்க அதைத் தேடித் தேடி வாங்குறாங்க. கிதார் தலையிலே கம்பெனி பேர் இருக்கு. செஞ்ச பெண்ணோட பேர் எங்கே இருக்கு? (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதுதான் எனக்கு வருத்தம். மரத்துக்குப் பேர் வைக்கிறோம், நாடு சொல்றோம், வயசு சொல்றோம். செஞ்ச கையை மறந்துடுறோம். மார்ட்டின் குடும்பத்துக் கதையே அதுதானே? சி.எஃப். மார்ட்டின் ஜெர்மனியிலே மார்க்நாய்கிர்ஷன் ஊரிலே 1796-ல் பிறந்தவர். அவங்க குடும்பம் மேஜை, பீரோ செய்றவங்க சங்கத்தைச் சேர்ந்தது. வயலின் செய்றவங்க சங்கம் வழக்காடிச்சு. "நீங்க மரச்சாமான் செய்றவங்க, வாத்தியம் செய்ற உரிமை எங்களுக்குத்தான்"னு! அந்தத் தகராறிலே வெறுத்துப்போன மனுஷன் 1833-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். 'தச்சன்தானே'ன்னு ஒதுக்கப் பார்த்த அந்தக் கை போட்ட அஸ்திவாரத்திலேதான் இன்னைக்கும் அந்தக் கம்பெனி நிக்குது.

செய்யும் கையைச் சொன்னேன். வாசிக்கும் கையையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். வில்லி நெல்சன்னு அமெரிக்கப் பாடகர். 1969-ல் 750 டாலர் கொடுத்து ஒரு மார்ட்டின் கிதாரை நேரிலே பார்க்காமலே வாங்கினார். நைலான் கம்பி போட்ட, விரலாலே வாசிக்க வேண்டிய கிதார். இவர் வில்லை வச்சு வாசிச்சு வாசிச்சு, முன்பலகையிலே ஓட்டையே விழுந்துபோச்சு! எதிரணி கணக்குப்படி, பலகையிலே பாதி போச்சு, நாதமும் பாதி போகணும். அம்பது வருஷத்துக்கு மேல அதையேதான் வாசிச்சார். ரெண்டு ஸ்வரம் கேட்டாலே "இது வில்லி"ன்னு ரசிகன் சொல்லிடுவான். நம்ம ஊருக்கே வருவோம். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படம். இளையராஜா இசையிலே நிலாவைப் பத்தி ஒரு பாட்டு. அந்தக் கிதாரைக் கேட்டு மயங்காத காது உண்டா? மயங்கினவங்கள்ல ஒருத்தராவது, "அது என்ன மரம் சார்?"னு கேட்டீங்களா? (கைதட்டல்)

என் பையன் கேட்டான் ஐயா. "அப்பா, எனக்கு ஒழுங்கா வரலை. ரோஸ்வுட் கிதார் வாங்கிக் கொடுத்தா வரும்." ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! (சிரிப்பு) ஆனா பாருங்க, கிதார் ரிப்பேர் பண்றவர்கிட்ட கொண்டுபோனேன். அவர் 12-வது கட்டத்துக்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்திலே நிக்குதுன்னு அளந்தார். 4 மில்லிமீட்டர்! "சார், இரண்டரை இருந்தாப் போதும். பிள்ளை பாறையை அமுக்குற மாதிரி அமுக்கிக்கிட்டு இருந்திருக்கான்"னார். கம்பி உட்கார்ற வெள்ளைக் கட்டையை எடுத்து அடிப்பக்கம் தேய்ச்சார். அரை மணி நேரம். செலவு ஒரு குடும்பம் ஓட்டல்ல டிபன் சாப்பிடுற காசு. பையன் விரல் வலிக்குதுன்னு சொல்றதையே விட்டுட்டான். பெற்றோர்களே, கேட்டுக்குங்க. கிதார் வாங்கப் போனா முதல்ல மரத்தைக் கேக்காதீங்க. பிள்ளை மடியிலே வச்சு, விரல் எட்டுதா, கம்பி அமுங்குதா, வலிக்குதா, அதைப் பாருங்க. பிள்ளைங்க கிதாரைப் பரண்ல போடறதுக்குப் பாதிக் காரணம் விரல் வலி.

நடுவர் மணியைப் பார்க்கிறார். கடைசியா ஒண்ணு சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

"மரம்தான், மரம்தான்"னு சொல்றது வெறும் பட்டிமன்ற வாதமா இருந்தாப் பரவாயில்லை. அந்த நம்பிக்கை ஒரு காட்டோட தலைவிதியோட சம்பந்தப்பட்டது ஐயா! பிரேசில் ரோஸ்வுட் மாதிரி வராதுன்னு உலகமே சொல்லிச்சு. நாற்காலிக்கும் மேஜைக்கும் வெட்டினதோட கிதாருக்கும் வெட்டினாங்க. சரக்குத் தட்டுப்பாடு வந்து மார்ட்டின் கம்பெனியே 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிச்சு. 1992-ல் பிரேசில் மரத்தை அழியும் பட்டியல்ல சேர்த்து, உலக வியாபாரத்துக்கே தடை போட்டாங்க. சரி, அந்த இந்திய ரோஸ்வுட் எது தெரியுமா? நம்ம ஈட்டி மரம்! தோதகத்தின்னு சொல்வோமே, அது. நீலகிரியிலே, கூடலூர்ப் பக்கம், வயநாட்டிலே, குடகிலே நிக்கிற மரம். வெளிநாட்டு மரம்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்களா? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைப் பிள்ளைதான் அது.

எதிரணி இதை வச்சுப் பெருமை பேசலாம். எனக்குப் பெருமையோட பயமும் வருது. ஒரு ஈட்டி மரம் பருத்து வைரம் பாய்ஞ்சு நிக்கத் தலைமுறை ஆகும். வெட்ட ஒரு பொழுது போதும். சொந்த நிலத்திலே நின்னாலும் அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு 1994-ல் தமிழ்நாட்டிலே தனிச் சட்டமே போட வேண்டி வந்துது. சும்மாவா போட்டாங்க? 'மரம்தான் நாதம்'னு சொன்னா, அடுத்த தலைமுறைக்கு மரமும் மிஞ்சாது, நாதமும் மிஞ்சாது. 'கைதான் நாதம்'னு சொல்லிப் பாருங்க. அட்டையிலே செய்வான், பழைய பலகையிலே செய்வான், கண்ணை மூடிக் கேட்டா உயர்ந்த மரத்துக்குச் சமமா நிக்கிற சாதா மரத்திலே செய்வான். கையைச் சொல்லிக் கொடுத்துடலாம். அப்பன் மகனுக்குக் கொடுக்கலாம், குரு சீடனுக்குக் கொடுக்கலாம், கலமசூப் பெண்கள் மாதிரி கத்துக்கிட்டும் கொடி நாட்டலாம். கொடுக்கக் கொடுக்கக் குறையாதது அது. வெட்டின மரத்தை யாராலே திருப்பிக் கொடுக்க முடியும்?

ஆகவே நடுவர் அவர்களே, மரம் குரலுக்கு ஒரு நிறம் கொடுக்கும், மறுக்கலை. அந்தக் குரலைப் பாட வைக்கிறது கை. செதுக்குற கை, தட்டிக் கேக்குற கை, கம்பியை மீட்டுற கை. எங்க அணிக்குத்தான் தீர்ப்புன்னு நம்பறேன்.

(மணி அடிக்கிறது)

பார்த்தீங்களா ஐயா! அந்த மணி வெண்கலமா, பித்தளையான்னு எதிரணிகூடக் கேக்கலை. உங்க கை பட்டதும் நான் உட்கார்றேன்.  (சிரிப்பு, கைதட்டல்)